சீனத் தெருவில் முடிந்த பேரம்

ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய சாங்க்ட் பவுலிப் பகுதியில் இருந்த சீனத் தெரு, யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷமே காலியாகிவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், ஆறு வயது நிறையாத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது வழக்கம்போல் திறந்திருந்தது. டிராமில் டிக்கெட் கேட்காத வயது என்று வைத்துக்கொள்ளலாம். தனியாக வந்து பார்த்தவர்களுக்கு அங்கே தெரிந்தது நாலைந்து கார்கள் நிற்கும் ஒரு மொட்டைத் திடலும், பழைய டயர் விற்கும் கொட்டகையும், அதன் பின்சுவரில் மூத்திர நாற்றமும்தான். ஒரு காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள், நீராவிக் கப்பல்களில் கரி அள்ளிப்போட வந்து கரையிலேயே தங்கிவிட்ட சீனர்கள். சலவைக்கடை, சோற்றுக்கடை, மூலையில் ஒரு சீட்டாட்டம், இவ்வளவுதான் அவர்களுடைய ராஜ்யம். ஒரு நாள் போலீஸ் வந்து எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தவர்கள் சொற்பம். அவர்கள் இருந்தவரை அந்தத் தெருவில் கோவில் என்று எதுவும் கிடையாது. ஆள் போன பிறகுதான் கோவில்கள் வளர ஆரம்பித்தன. முதலில் சிவப்புத் தூணும் பச்சை ஓடுமாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் கடல் தாய்க்கு ஒன்று, கூரை முழுக்கப் பீங்கான் நாகங்கள். தெருக்கோடியில், அதே கப்பல்களில் அதே கரியை அள்ளிப்போட்ட தமிழ் ஆட்களுக்கும் வேண்டியிருக்குமே என்று யாரோ நினைத்ததைப்போல, ஏழு நிலைக் கோபுரம். அதன் உயரத்துக்கு எல்பே ஆற்றின் அக்கரையிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஊரில் பலருக்கும் இந்த விஷயம் தெரியும். பத்திரிகையில் வராததைப் பற்றிப் பேசுவது ஜெர்மானியர்களுக்கு வழக்கமில்லை என்பதால் யாரும் பேசவில்லை.

சிதம்பரம் விருதுநகர்க்காரர். அப்பாவுக்கு மிளகாய், மல்லி, ஏலக்காயில் தரகு. சிதம்பரம் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் கற்றுக்கொண்டவர் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். தாய்ப்பாலையும் பாதி குடித்துவிட்டு மறுபக்கத்தைக் காட்டு என்று கேட்ட பிள்ளை என்பது அவர்களுடைய நக்கல். 1961-இல் அவர் ஹாம்பர்க்குக்கு வந்து, துறைமுகத்துச் செங்கல் கிடங்குகளில் ஒரு மசாலா இறக்குமதிக் கம்பெனிக்குச் சரக்குத் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் நன்றாக இருந்தது, குளிர் பழகிவிட்டது, உருளைக்கிழங்கும் பழகிவிட்டது. ஒரே குறை, அந்த ஊரில் பேரம் கிடையாது. தக்காளிக்கும் விலைச்சீட்டு, தலைமுடி வெட்டுவதற்கும் விலைச்சீட்டு, சவப்பெட்டிக்கும் விலைச்சீட்டு. சவப்பெட்டி விஷயம் அவருக்கு 1969 ஜனவரியில் தெரிய வந்தது. மனைவி சந்திரா நிமோனியாவில் போய்விட்டார். சவப்பெட்டிக்காரர் சொன்ன விலையைச் சிதம்பரம் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அப்போதுதான் அவருக்கே சந்தேகம் வந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தார். தாமதமான கப்பலுக்குக் காத்திருப்பதைப்போலப் பொறுமையாகவே காத்திருந்தார். கப்பலும் வரவில்லை, தந்தியும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம்போல ஆள் முழுதும் மரத்துக் கிடந்தது. அந்தக் கன்னத்தோடு வேலைக்குப் போனார், இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தலை பின்னினார், ரசம் வைத்தார், கையுறையில் கட்டைவிரலை அதற்குரிய இடத்தில் நுழைத்துவிட்டார். மூத்தவள் கிரிஜா ஊரில் பிறந்தவள், பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இளையவள் பாமா ஹாம்பர்க்கிலேயே பிறந்தவள். அம்மா போனபோது நாலு முடிந்திருந்தது. அம்மா எங்கே என்று அவள் கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வருஷம் வசந்தத்தில், ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளைகளோடு நடந்தவர், வழி தவறி சாங்க்ட் பவுலிக்குள் போய்விட்டார். ராத்திரி வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தலையில் சுருட்டை ஊசிகளோடு வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற இடமா இது என்று முதலில் திட்டினாள். பிறகு பாமாவின் உயரத்தைப் பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள், சீனாக்காரன் தெருவைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று கையை நீட்டினாள். சின்னவளை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், பெரியவள் அவளுடைய மறுகையைப் பிடித்துக்கொள்ளட்டும், நடுவில் விட்டுவிட்டால் பெரியவள் டயர் கடையில் நிற்பாள் என்று எச்சரித்தாள். அப்படியே செய்தார்கள். டயர் கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன.

சின்னப் பிள்ளைகளோடு கோவில் பார்த்தவர்களுக்கு மற்றது தெரியும். தங்க முலாம் பூசிய ஆயிரம் உருவங்கள் உள்ள மண்டபத்துக்குள் நுழைந்த மறுநிமிஷம் பாமாவுக்கு ஒன்றுக்கு வந்தது. நாகத்துக்கு எதற்கு மீசை, அது ஆம்பளை நாகமா என்று கிரிஜா கேட்டாள். காவல் பூதத்தின் பல்லைப் பார்த்துப் பாமா அழுதாள். கொஞ்ச நேரத்தில் அதன் கால் கட்டைவிரலில் உட்கார்ந்து ஆவியில் வெந்த பணியாரம் தின்றாள். சிதம்பரம் ஒவ்வொரு தூணையும், அதில் சுற்றிய மீனையும் தாமரையையும், சரக்குப் பார்க்கிறவர் பார்வையிலேயே பார்த்தார். அழகாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, அழகாக இருக்கவில்லை. கோவில்களுக்கெல்லாம் சேர்த்து வோங் என்ற கிழவர் ஒருவர்தான். கதவு திறப்பது, ஊதுவத்தி ஏற்றுவது, உதிர்ந்த சுதைக்குச் சுண்ணாம்பு அப்புவது, வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றுவது எல்லாம் அவர். சட்டைக்கை அகலமாகத் தொங்கும். அவர் பேசிய எதுவும் சிதம்பரத்துக்குப் புரியவில்லை. பாமா மட்டும் அவர் பின்னாலேயே அலைந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தைப் பேச்சுக்கு பாஷை ஒரு கேடா என்று சிதம்பரம் நினைத்துக்கொண்டார்.

ஜூன் மாதத்தில் பாமாதான் முதலில் பார்த்தாள். கோபுரத்தின் மூன்றாவது நிலையில், ஒரு யாளிக்கும் துவாரபாலகருக்கும் நடுவில், பச்சைக் குளிர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கையில் வலைப்பையோடு சந்திரா நின்றிருந்தார். சுதை உருவம், மேலே வர்ணம். கோட்டின் மூன்றாவது பொத்தான் இல்லை. அதைத் தைத்துக் கொடுப்பதாகச் சிதம்பரம்தான் ஒரு மார்கழி முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். கோட்டு மாட்டியிருந்த கொக்கி வெறுமையாக இருந்தது. அதன்பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. பிள்ளைகள் கீழே நின்று பள்ளிக்கூடத்துச் சங்கதிகளைக் கத்திச் சொல்வார்கள், சிதம்பரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார், கழுத்து வலித்ததும் கிளம்புவார்கள். நவம்பரில் பாமாவுக்கு ஆறு நிறைகிறது. அதன்பிறகு அவர்களுக்கு அங்கே டயர் கடைதான். இது மூன்று பேருக்கும் தெரியும். அதற்குள் அம்மாவை இறக்கித் தரும்படி பாமா வோங்கிடம் வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, வோங் சிதம்பரத்தைக் கோபுரத்தடிக்குக் கூப்பிட்டார். மேலே சந்திராவைக் காட்டினார். பிறகு தன் சட்டைக்கையின் வாயை விரித்து, கையை விடு என்று கண்ணால் சொன்னார்.

விருதுநகரில் இதற்குத் துண்டு. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தால் விலை, விட்டால் மறுப்பு. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையக் கூடாது. ஒன்பது வருஷமாக விலைச்சீட்டுகளின் நடுவில் அடங்கிக் கிடந்த சிதம்பரத்தின் கை, அந்தப் பட்டுக்கைக்குள் நுழைந்ததும் வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. வோங் ஐந்து விரலையும் அவர் உள்ளங்கையில் வைத்தார். எதில் ஐந்து என்று சிதம்பரம் கேட்கவில்லை. கேட்டால் ஆசை வெளியே தெரியும், ஆசை தெரிந்தால் விலை ஏறும். தன் ஆயுளில் ஐந்தோ, சம்பளத்தில் ஐந்தோ, என்னவானால் என்ன? முதல் விலைக்கு ஒத்துக்கொண்டால் அப்பா எரிந்த சாம்பலிலிருந்து எழுந்து வந்து அறைவார். அவர் மூன்று விரலை மடக்கி இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வோங் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுபடி ஐந்து வைத்தார். சிதம்பரம் மறுபடி இரண்டு. கிழவரின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மதுரைத் தரகர்கள் சரக்கு நஷ்டம் என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம். சாவுக்குப் பிறகு முதல்முறையாக அவர் உடம்பில் ரத்தம் ஓடுவது அவருக்கே கேட்டது. சந்தோஷம் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். கையை உருவிக்கொண்டார். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு, சரி வேண்டாம் என்கிற தோளோடு, ஆனால் காதைப் பின்னால் விட்டுவிட்டு, மெதுவாக நடந்தார். பாமா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்கள் பேசும்போது சும்மா இரு என்று அதட்டினார். சிங்கத்தைத் தாண்டுவதற்குள் வோங் கூப்பிட்டுவிட்டார். சட்டைக்கைக்குள் மூன்று விரல் இருந்தது. சிதம்பரம் பிடித்துக்கொண்டார். முடிந்தது. இரண்டு மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

வோங் மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார். சந்திரா முதலில் வலைப்பையைக் கீழே கொடுத்தார், பிறகு கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாமாவின் தலையைத் தொட்டு, இந்தக் காற்றில் பிள்ளைக்கு ஏன் தொப்பி போடவில்லை என்று கேட்டார். டிராமில் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்தார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு ஃப்ராவ் பீட்டர்சன், வெகுநாளாகக் காணவில்லையே என்று விசாரித்துவிட்டு, வீட்டுக்கொரு வாரமாகப் படிக்கட்டு துடைப்பதில் இவர்கள் முறையையும் இதுவரை தானே சேர்த்துச் செய்ததாகவும், வருகிற சனிக்கிழமை சந்திராவின் முறை என்றும் நினைவுபடுத்தினாள். இறந்தவர் என்று நகராட்சியில் பதிந்ததை மாற்றித் தரக் கேட்டபோது, உயிரோடு இருப்பதாகப் பதிவதற்குப் புதிதாகப் பிறந்ததற்கான சான்று வேண்டும் என்றார்கள். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சந்திரா முன்புபோலவேதான் இருந்தார். உடம்பில் கொஞ்சம் சுண்ணாம்பு வாசம். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வர்ணம் கொப்புளித்தது, அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மழையில் நனைந்த ஒரு நாள் இடது காதுமடல் உதிர்ந்தது. சிதம்பரம் சாமான் கடையில் ஜிப்சமும் சின்னப் பிரஷ்ஷும் வாங்கிவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரிசெய்தார். மேலே எப்படி இருந்தது என்று கிரிஜா ஒருமுறை கேட்டபோது, காத்து ஜாஸ்தி என்றார் சந்திரா. அவ்வளவுதான். மனைவி திரும்பி வந்தவர் கூத்தாட வேண்டும் என்று வாசிக்கிறவர்கள் எதிர்பார்க்கலாம். சிதம்பரத்தின் கன்னத்தில் போட்ட ஊசி இறங்கவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது, சாப்பிட்டார். மலிவாக முடித்தோம் என்பது ஒன்றுதான் உள்ளே கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. அதையும் அவர் வெளியே சொல்லவில்லை. வாங்கிய விலையை வீட்டிலும் சொல்லக் கூடாது என்பது அப்பா கற்றுக்கொடுத்த தொழில் சுத்தம்.

இரண்டாவது குளிர்காலம். பாமாவுக்கு ஏழு வயது. ஒரு மாலை பனிச்சறுக்குப் பலகையில் விழுந்து முழங்கால் சிராய்த்து வந்தவள், சாப்பிட உட்கார்ந்து, அடுத்த குளிருக்கும் அம்மா இருப்பார்தானே என்று கேட்டாள். இருப்பேன்டி என்றார் சந்திரா. "அதோட சரி, இல்ல?" என்றாள் பாமா, அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

என்ன அதோடு சரி என்று சிதம்பரம் கேட்டார்.

"தாத்தா அஞ்சு குளிர் தரேன்னுதான சொன்னாரு. நீங்கதான் ரெண்டு போதும்னீங்க. அப்புறம் பாவம்னு அவரு மூணு குடுத்தாரு."

கிரிஜா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தெருவில் பேசியதெல்லாம் ஆறு நிறையாதவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. இத்தனை நாளும் யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

"ஏண்டி, இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"பெரியவங்க பேசுறப்ப ஊடால பேசாதன்னு நீங்கதான திட்டுனீங்க."

சந்திரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். எத்தனை குளிர் என்பது அவருக்கும் தெரியும். ஏணி இறங்கும்போதே வோங் சொல்லியிருந்தார். கொடுத்ததே அவ்வளவுதான் என்று நினைத்து, வீட்டில் சொல்லி யாரையும் கலங்கடிக்க வேண்டாம் என்று வைத்திருந்தார். பேரம் நடந்தது அவருக்குப் புதுச் செய்தி.

"அவரு குடுக்க வந்தாரு. நீங்க கொறச்சீங்களாக்கும்?"

"எதுல அஞ்சுன்னு தெரியல சந்திரா."

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா ஏத்திருவான்ல."

சந்திரா மல்லி மொத்த வியாபாரி வீட்டுப் பெண். "எங்கப்பாவா இருந்தா ஒண்ணுக்கே முடிச்சிருப்பாரு," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கன்னத்திலிருந்து நகக்கண் அளவு சுதை பெயர்ந்து சோற்றில் விழுந்தது. சிதம்பரம் அதை எடுத்து, கழுவி, துடைத்து, அது இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

அந்த வார ஞாயிறு அவர் ஃப்ராவ் பீட்டர்சனின் பேரன் ஊவேயை, துறைமுகத்தில் கப்பல் காட்டுவதாகச் சொல்லி இரவல் வாங்கினார். ஊவேக்கு ஐந்து வயது. வோங் தேநீர்க் கெண்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சிதம்பரம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, ஊரில் செய்வதுபோல் விரித்து, அதற்கடியில் கையை நீட்டினார். கிழவரும் மரியாதைக்குத் தன் கையைக் கொண்டுவந்தார். சிதம்பரம் ஐந்து விரலையும் வைத்தார். வோங் பிடிக்கவில்லை. நாலு வைத்தார். பிடிக்கவில்லை. பதிலுக்கு என்ன கொடுத்தால் இன்னும் ஒரு குளிராவது தருவீர்கள் என்று சிதம்பரம் ஊவே வழியாகக் கேட்டார். ஊவே கிழவரிடம் பேசிவிட்டு வந்து, விற்றது விற்றதுதானாம், அங்கிளுக்குத் தெரியுமாம் என்றான். சிதம்பரத்துக்குத் தெரியும். முடிந்த பேரத்தைத் திரும்பத் திறக்கிறவனை விருதுநகர்க் கடைத்தெருவில் நிற்கவிட மாட்டார்கள்; அவரே அப்படி ஒருவரை அப்பாவின் கடையிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார். வோங் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். இருவரும் குடித்தார்கள். திரும்பும்போது டிராமில் ஊவே அவர் மடியில் தூங்கிப்போனான். அந்தப் பிள்ளையின் கனம் தொடையில் உறைத்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

மூன்றாவது குளிர்காலத்தை விசேஷமாகக் கழிக்க வேண்டும் என்று சிதம்பரம் திட்டம் போட்டார். கொலோனில் பெரிய தேவாலயம், தெற்கே மலை, பனி, ஓட்டல் என்று பேசினார். சந்திரா ஒன்றுக்கும் இசையவில்லை. கிரிஜாவுக்கு வீட்டுக்கணக்கு சொல்லிக்கொடுத்தார், பாமாவுக்குப் பேன் பார்த்தார், முறை வந்தபோது படிக்கட்டு துடைத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை தூங்கினார். கோட்டில் அறுந்த பொத்தானைச் சிதம்பரம் அந்த டிசம்பரில் தைத்தார். நிறம் பொருந்தவில்லை, பரவாயில்லை என்றார் சந்திரா. கிரிஜா சமையல்கட்டில் ஒருமுறை அழுதாள். பாமா அழவில்லை. மூன்று என்றால் மூன்றுதானே என்று அவளுக்குத் தெளிவாக இருந்தது.

1973 மார்ச்சில் கூரைவிளிம்பில் பனி சொட்டத் தொடங்கிய ஞாயிறு, சந்திரா கோட்டைப் போட்டுக்கொண்டார். கிரிஜாவிடம் எந்தக் காலுறை யாருக்கு என்று சொன்னார். ஊவேக்கு வயது முடிந்துவிட்டதால் அவன் தங்கையை இரவல் வாங்கிக்கொண்டு, ஐந்து பேராகக் கைகோத்துச் சீனத் தெருவுக்குள் நுழைந்தார்கள். வோங் ஏணியை முன்பே சாத்தி வைத்திருந்தார். மூன்றாவது நிலையில் யாளிக்கும் துவாரபாலகருக்கும் நடுவில் இடம் அப்படியே காலியாக இருந்தது. சந்திரா பிள்ளைகளை முத்தமிட்டார். இரண்டு பேர் கன்னத்திலும் சுண்ணாம்புத் தடம் விழுந்தது. ஏணியில் காலை வைத்தவர் திரும்பி, கணவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஏங்க, இனிமே யாராச்சும் கையப் பிடிச்சா, மொதல்ல என்னன்னு கேளுங்க."

"கேக்குறேன்," என்றார் சிதம்பரம்.

சந்திரா ஏறினார். வலைப்பையைக் கீழேயிருந்து வோங் எடுத்துக் கொடுத்தார். இடத்தில் நின்று, கோட்டை நேராக்கி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். அசைவு எந்த நிமிஷத்தில் நின்றது என்று கீழே இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. ஊவேயின் தங்கைக்குப் பசித்தது. சிதம்பரம் வோங்கிடம் பணியாரம் வாங்கிக் கொடுத்தார். பிறகு அங்கேயே, சிங்கத்தின் பீடத்தில் உட்கார்ந்து, நாலு வருஷம் தாமதமாக வந்த அழுகையை அழுதார். பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். அது அதிக நேரம் நீடிக்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தபோது முன்புபோலவே மரத்திருந்தது. அதற்குமேல் அவர் எதிர்பார்க்கவுமில்லை.

அன்றிலிருந்து சிதம்பரம் எங்கேயும் விலை குறைத்துக் கேட்டதில்லை. ஜெர்மனியில் யாருமே கேட்பதில்லை என்பதால் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. 1974-இல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது விருதுநகரில்தான் கவனித்தார்கள்; காய்க்காரி சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தவரைப் பார்த்து, வெளிநாட்டுப் பணத் திமிர் என்றார்கள். கிரிஜாவும் பாமாவும் வளர்ந்து அவரவர் படிப்புக்குப் போனார்கள். அக்கம்பக்கத்தில் ஆறு நிறையாத பிள்ளை உள்ளவர்களுக்கு ஞாயிறு மதியம் கொஞ்சம் தூங்க வேண்டுமென்றால் மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. சிதம்பரம் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார். எல்லோரையும் கிளம்புவதற்கு முன்பே ஒன்றுக்குப் போகச் சொல்வார். நாகத்தின் மீசையை விளக்குவார். வோங்கோடு தேநீர் குடிப்பார். இருவருக்குமிடையே பேச ஒன்றுமில்லை, ஆனாலும் குடித்தார்கள். கோபுரத்தடிக்கு வந்ததும், மேலே பச்சைக் கோட்டில் நிற்பது யார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். என் வீட்டுக்காரி என்பார். பிள்ளைகள், வீட்டில் பழக்கியிருந்தபடி, அண்ணாந்து பார்த்து அந்த அம்மாளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சிங்கத்தின் மேல் யார் முதலில் ஏறுவது என்று சண்டை போடப் போய்விடுவார்கள்.